ஐயாத்துரையின் இரண்டு பிரதிகள்

வெள்ளிக்கிழமை காலையில் யோகலட்சுமி கணினியைத் திறந்தபோது ஐயாத்துரையைக் காணவில்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் விநாசித்தம்பி இருந்தார்.

இருவருமே காலமானவர்கள். பினாங்கில் உள்ள யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் யாராவது இறந்துபோனால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு சிறிய புத்தகமும் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று பெயர். கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. இருபது பக்கக் காகிதம். முன்னட்டையில் படம், உள்ளே வம்ச வரிசை, தேவாரம், கடைசிப் பக்கத்தில் வீட்டார் தங்கள் வாயால் சொல்லும் நாலு வார்த்தை. பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் தட்டச்சு செய்து கொண்டிருந்த யோகலட்சுமி, கம்பெனி மூடிய பிறகு மெக்காலிஸ்டர் சாலை வீட்டில் ஒரு கணினியை வாங்கி வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்து வந்தாள். கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அவளும் அந்தக் கணினியும்தான். இரண்டு பேருமே அதிகம் பேசுவதில்லை.

அவள் எந்தக் கல்வெட்டையும் வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கியதில்லை. முன்னால் இறந்தவருடையதைத் திறப்பாள். பெயரை மாற்றுவாள், ஊரை மாற்றுவாள், பேரப்பிள்ளைகளை நீக்கி வேறு பேரப்பிள்ளைகளைப் போடுவாள். தேவாரம் அப்படியே இருக்கும். எல்லாம் முடிந்ததும், தட்டச்சு இயந்திரத்தின் உருளையிலிருந்து தாளை உருவி எடுப்பது போல, ஒரே ஒரு முறை சேமிப்பாள். பிறகு அச்செடுத்து அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவாள். இத்தனை நாளும் ஒருவர் அச்சகத்துக்குப் போன பிறகுதான் அடுத்தவர் வந்து சேர்ந்தார். அதனால் முந்தியவர் அழிந்துபோவது அவளுக்குத் தெரியவில்லை.

இந்த முறை அச்சுப்பொறியின் நாடா தேய்ந்து போயிருந்தது. புதியது வரட்டும் என்று ஐயாத்துரையை அப்படியே வைத்திருந்தாள். அதற்குள் எதிர்க்கரையில் உள்ள பிறை ஊரிலிருந்து விநாசித்தம்பியின் மகன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். அவர்கள் வீட்டு அந்தியேட்டி முதலில் வருகிறதாம், நினைவே இல்லாமல் இருந்துவிட்டார்களாம். வழக்கம் போல ஐயாத்துரையைத் திறந்து அதில் விநாசித்தம்பியை உட்கார வைத்தாள். சேமிக்கட்டுமா என்று கணினி கேட்டது. ஆம் என்றாள். நாடா இல்லாததால் மகன் அதைக் கணினி வட்டு ஒன்றில் பதிந்து வாங்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போய்விட்டான்.

கப்பல் கம்பெனியில் அவள் அடித்த எந்தத் தாளும் தனியாக வெளியே போனதில்லை. அடியில் கார்பன் இருக்கும், அதன் அடியில் மெல்லிய தாளில் ஒரு பிரதி இருக்கும். மேல் தாளைக் கிழித்தெறிந்தாலும் அடித்தாள் அலமாரியில் கிடக்கும். இந்தப் பெட்டிக்குள்ளும் அப்படி எங்கோ ஓர் அடித்தாள் சேர்ந்துகொண்டே இருக்கிறது என்று அவள் இதுவரை நம்பியிருந்தாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

மேலும் கீழும் தேடினாள். தேவாரத்துக்கு முன்னால் விநாசித்தம்பி, பின்னால் விநாசித்தம்பி.

வம்ச வரிசையும் படமும் காகிதத்தில் இருந்தன; திரும்ப அடித்துவிடலாம். கடைசிப் பக்கம்தான் எதிலும் இல்லை. ஐயாத்துரையின் மனைவி நல்லம்மா எழுதித் தரவில்லை. "எழுத்து எனக்கு வராது பிள்ளை, நான் சொல்லுறன், நீ அடி" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதை யோகலட்சுமி நேரே கணினியில் அடித்திருந்தாள். என்ன சொன்னார் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் ஒரு வரியும் வரவில்லை. வராது. காதில் விழுவது விரலுக்குப் போய்விடும்; நடுவில் அவள் இருப்பதில்லை. நல்ல தட்டச்சுக்காரி என்று அவளைச் சொன்னதே அதனால்தான்.

"ஒரு எழுத்துக் குறையாமல் வரும் மாமி" என்று வாக்குக் கொடுத்தது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

*

நல்லம்மா மறுநாள் மத்தியானம் ஜெலுத்தோங்கிலிருந்து பஸ்ஸில் வந்தார். வெள்ளைச் சேலை, கையில் குடை, ஒரு பையில் கொஞ்சம் ரம்புத்தான். நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கணினியை ஒரு தரம் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, திரும்பவும் சொல்ல வேணுமோ?"

"ஒருக்காச் சரி பார்க்கத்தான் மாமி. நீங்கள் முதல்லயிருந்து சொல்லுங்கோ."

"முந்திச் சொன்னது?"

"அது இருக்கு." யோகலட்சுமி விசைப்பலகையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "இது சும்மா, சரி பார்க்க."

"ம்" என்றார் நல்லம்மா.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மின்விசிறி ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. பின்வீட்டுச் சீனத்தி துணி துவைக்கும் சத்தம் கேட்டு, நின்று, மறுபடி கேட்டது. இந்த மௌனத்தைக் கலைக்க யோகலட்சுமிக்குத் தோன்றவில்லை. மற்றவர்களுக்கு மௌனம் ஒரு குறை. அவளுக்கு அது வீட்டில் இருக்கிற இன்னொரு நாற்காலி.

"அவர் கதைக்கமாட்டார் பிள்ளை" என்றார் நல்லம்மா திடீரென்று.

விரல்கள் அடிக்கத் தொடங்கின. இம்முறை புதிய பக்கத்தில், வேறு பெயரில். அவ்வளவு பயம் வந்திருந்தது.

"கலியாணம் முடிச்ச புதுசில கதைச்சவர். பிறகு எப்ப நிண்டது எண்டு எனக்குத் தெரியாது. சண்டை ஒண்டும் இல்லை. பட்டர்வொர்த்தில கந்தோர் வேலை. பின்னேரம் பெர்ரியில கடல் கடந்து வருவார், சப்பாத்தைக் கழட்டுவார், இருப்பார். நான் கேப்பன், இண்டைக்குப் பெர்ரியில சனமோ எண்டு. தலையை ஆட்டுவார். ஓமெண்டும் எடுக்கலாம், இல்லையெண்டும் எடுக்கலாம். பிறகு நானே சொல்லுவன். சனமாய்த்தான் இருந்திருக்கும், மழையெல்லோ எண்டு. கந்தோரில என்ன நடந்திருக்கும் எண்டும் நானே சொல்லுவன். ரசாக் எண்டு ஒராள் அங்க வேலை செய்தவர், பேர் மட்டும் தெரியும். ரசாக் இப்பிடிச் சொல்லியிருப்பார், நீங்கள் அப்பிடிச் சொல்லியிருப்பியள் எண்டு கதை கதையாய்ச் சொல்லுவன். அவர் இருந்து கேப்பார். சோறு ஆறிப்போகும்."

நல்லம்மா ஒரு ரம்புத்தானை எடுத்து உரிக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார்.

"செத்தவீட்டுக்கு அந்த ரசாக் வந்தவர். அப்துல் ரசாக். நல்ல தமிழ். என்னைக் கண்டு, 'உங்க வீட்டுக்காரரு மாதிரி சிரிக்க சிரிக்கப் பேசுற ஆள நான் பாத்ததே இல்ல அக்கா, ஆபீசே அவரால கலகலன்னு இருக்கும் லா' எண்டு சொல்லிப்போட்டு அழுதார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு நிண்டன். எனக்கு அழுகை வரேல்லை. ஆருடைய செத்தவீட்டில நிக்கிறன் எண்டு விளங்கேல்லை."

அவ்வளவுதான். நல்லம்மா எழுந்து குடையை எடுத்தார். "அடிச்சிட்டியோ?"

"ஓம் மாமி."

"சரி" என்று கணினியின் தலையில், மாட்டைத் தட்டுவது போல, ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

விரல்கள் நின்ற பிறகுதான் யோகலட்சுமி திரையில் இருந்ததைப் படித்தாள். படித்துவிட்டு மறுபடி படித்தாள். அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வந்து உட்காரும் சனம் எல்லாம் பாயசத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதை நினைத்துப் பார்த்தாள். முதல் தடவையும் இதைத்தான் சொன்னாரா? சொல்லியிருந்தால் எப்படி மறந்தேன்? சொல்லாவிட்டால் என்ன சொன்னார்? நினைவில் தேடினால் அங்கேயும் விநாசித்தம்பிதான் இருந்தார்.

*

திங்கட்கிழமை காஜா மொய்தீன் புதிய நாடாவோடு வந்தான். சூலியா தெருவில் கணினிக் கடை வைத்திருப்பவன். முப்பத்தைந்து வயது, பேச்சுக்குக் குறைவில்லை. சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான்.

"அக்கா, மொதல்ல இதச் சொல்லுங்க. சிங்கப்பூர் டீலர் எல்லா கஸ்டமரையும் கேக்கச் சொல்லியிருக்கான். கம்ப்யூட்டர்ல இன்னும் என்ன வசதி இருந்தா நல்லாருக்கும்னு. மேல அனுப்புவானாம். அடுத்த வருசம் செஞ்சு தருவாங்களாம்."

"மற்றவங்க என்ன கேட்டாங்க?"

"கேக்காதீங்க. நகைக்கட முதலாளி, நாய் மாதிரி இருக்கணும்ங்கிறாரு. எஜமான் வந்தா வாலாட்டணும், மருமகன் வந்தா குரைக்கணும். ஹபீபா பீவி டீச்சர் ஒரே கோபம். 'நீ சட்டவிரோதமான காரியம் செஞ்சிட்டே'ன்னு கம்ப்யூட்டர் இங்கிலீஸ்ல எழுதிக் காட்டிட்டு நின்னு போச்சாம். 'முப்பது வருசமா வாத்தியார் வேல பாக்குறேன், நான் என்ன கஞ்சாவா வித்தேன்? மரியாதையா பேசச் சொல்லு'ங்கிறாங்க. நீங்க சொல்லுங்க."

யோகலட்சுமி யோசித்தாள். காஜா மொய்தீன் காத்திருந்து பார்த்து, காத்திருக்க முடியாமல் நாடாவை மாட்டப் போனான். அவன் மாட்டி முடித்த பிறகு சொன்னாள்.

"கார்பன் வேணும்."

"என்னது?"

"எது அடிச்சாலும் அடியில ஒரு பிரதி இருக்கணும். நான் மறந்தாலும், நானே அழிச்சாலும் அது இருக்கணும். ஒண்ணுமே போகக் கூடாது." நடந்ததைச் சொன்னாள்.

காஜா மொய்தீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "எத்தன தடவ சேவ் பண்ணீங்க?"

"ஒரு தடவதான். நான் எப்பவும் ஒரு தடவதான்."

"எல்லாருக்கும் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா சேவ் பண்ணுங்கன்னு தொண்ட கிழியக் கத்துறேன். நீங்க கேக்காததே நல்லதாப் போச்சு." எதையோ தட்டினான். தெரியாத பெயர்களின் வரிசை ஒன்று வந்தது. "இந்தத் தமிழ் மென்பொருள் இருக்கே, நீங்க சேவ் பண்ணும்போது பழசை ஒரு காப்பி எடுத்து வேற பேர்ல ஒளிச்சு வச்சிரும். ஒரே ஒரு காப்பி. இன்னொரு தடவ பண்ணியிருந்தா அதும் போயிருக்கும். இந்தா, இவருதானே?"

ஐயாத்துரை திரும்பி வந்திருந்தார். படத்துக்கு விட்ட இடம், வரிசை, தேவாரம், கடைசிப் பக்கம்.

"நீங்க கேட்டது ஏற்கெனவே இருக்கு லா அக்கா. உங்ககிட்ட சொல்லல, அவ்வளவுதான்."

அவள் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

*என் கணவர் என்னோடு கதைக்காத நாளில்லை. பின்னேரம் பெர்ரியில் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவார். பெர்ரியில் சனமோ, கந்தோரில் ரசாக் என்ன சொன்னார், தான் என்ன சொன்னார், எல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார். கேட்டுக்கொண்டிருந்தே சோறு ஆறிப்போகும். அவர் இல்லாமல் இந்த வீட்டுக்குக் குரல் இல்லை.*

"அழுவாதீங்கக்கா, அதான் கெடச்சிருச்சே" என்றான் காஜா மொய்தீன். அவள் அழவில்லை. எதற்கு முகம் அப்படி ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் போன பிறகு இரண்டு பக்கங்களையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதே பெர்ரி, அதே சப்பாத்து, அதே சோறு. ஆளை மட்டும் மாற்றிப் போட்டது போல் இருந்தது, அவளே ஒவ்வொரு கல்வெட்டிலும் செய்கிற மாதிரி. எதைத் திறந்து எதை அதன் மேல் எழுதினார் நல்லம்மா? எது மேல் தாள், எது அடித்தாள்? அப்துல் ரசாக்கைக் கேட்டால் முதல் பக்கம்தான் உண்மை என்பார். அவருக்குத் தெரிந்த ஐயாத்துரை அந்தப் பக்கத்தில்தான் இருந்தார்.

*

அடுத்த நாள் ஜெலுத்தோங்குக்குப் போனாள். நல்லம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முன்னறையில், ஐயாத்துரை உட்காரும் பிரம்பு நாற்காலி சுவரைப் பார்த்தபடி திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

"மாமி, நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன். நீங்கள் முதல் சொன்னதை அழிச்சுப்போட்டன். அதுதான் திரும்பக் கேட்டனான். இப்ப அது கிடைச்சிட்டுது."

நல்லம்மாவின் கை நின்றது. "என்ன கிடைச்சிட்டுது?"

"நீங்கள் முதல் சொன்னது. பெட்டிக்குள்ள இருந்திருக்கு. இப்ப ரெண்டும் இருக்கு." இரண்டு தாள்களையும் நீட்டினாள். "எதைப் போட?"

நல்லம்மா தாள்களை வாங்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, நீ அழிச்சுப்போட்டாய் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். 'இருக்கு' எண்டு சொல்லேக்கை அந்தப் பலகையை நகர்த்தினாய். நான் மூண்டு பெடியளை வளர்த்தவள்."

"தெரிஞ்சா ஏன் மாமி…"

"அதுதான் சொன்னன்." குரல் தாழ்ந்தது. "முதல் சொன்னது கல்வெட்டுக்கு. சனத்துக்கு. அது போயிட்டுது எண்டு தெரிஞ்சவுடன, இந்தப் பெட்டி சொன்னதை விழுங்கிப்போடும் எண்டு நினைச்சன். ஆருக்கும் சொல்லேலாத ஒண்டு இருந்தது. கோயில்ல சொன்னா, செத்துப்போன இவரும் அங்க நிண்டு கேப்பார் போலக் கிடக்கு. உனக்குச் சொன்னா நீ ஞாபகம் வச்சிருப்பாய். இந்தப் பெட்டி மறந்துபோகும். நீயும் அடிக்கேக்கை கேக்கிறேல்லை எண்டு எனக்குத் தெரியும். பெட்டிக்குத்தான் சொன்னன், உனக்கில்லை. திரும்பக் கூப்பிடுவாய், அப்ப பழையபடி கல்வெட்டுக்குச் சொல்லலாம் எண்டு இருந்தன்."

யோகலட்சுமி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். வாய் திறந்தால் 'நான் படித்துவிட்டேன்' என்றுதான் வரும். அதைச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தாள் அவள் கையில்தான் இருந்தது.

"முதல் சொன்னதைப் போடு" என்றார் நல்லம்மா. "மற்றதை அழி."

"ஓம் மாமி."

"அழியுமோ?"

போன வாரம் என்றால் யோகலட்சுமி உடனே பதில் சொல்லியிருப்பாள்.

*

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக இரண்டாம் பக்கத்தின் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாள். அது சுலபமாக இருந்தது. பிறகு கணினியில் அதை அழித்தாள். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாக என்றாள். அழித்தது திரையின் மூலையிலிருந்த குப்பைக்கூடைக்குப் போயிருந்தது. திறந்து பார்த்தால் கசங்காமல் அப்படியே கிடந்தது. கூடையைக் கவிழ்த்தாள். அச்செடுக்கும் முன் பயத்தில் இன்னொரு முறை சேமித்திருந்ததால், ஒளித்து வைத்த பெயரில் இருந்ததையும் தேடி அழித்தாள். அதுவும் கூடைக்குப் போனது. அதையும் கவிழ்த்தாள். கூடை காலியாகத் தெரிந்தது. காலியாகத் தெரிகிறது என்பதற்கு மேல் எதையும் சொல்ல அவளுக்குத் துணிவில்லை.

காஜா மொய்தீனுக்குத் தொலைபேசி செய்தாள்.

"முழுக்க அழிக்க வழி இருக்கா தம்பி? இனி யாராலயும் எடுக்க முடியாத மாதிரி?"

அந்தப் பக்கத்தில் சிரிப்பு. "என்னக்கா இது! நேத்து ஒண்ணும் போகக் கூடாதுன்னீங்க. நானும் எழுதிக்கிட்டேன், 'கார்பன்'னு."

"இருக்கா இல்லையா?"

"உண்மையச் சொல்லணும்னா, நீங்க அழிச்சா பேருதான் போகும். எழுதினது உள்ள ஏதோ ஒரு ஓரத்துல கெடக்கும். அது மேல வேற ஏதாச்சும் வந்து விழுந்தாத்தான் போகும். எப்ப விழும், எங்க விழும்னு நமக்குத் தெரியாது லா. அதுக்குத்தான் தெரியும்."

அவள் திரையில் காலியாகத் தெரிந்த கூடையைப் பார்த்தாள்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா? அப்ப தாள்ல என்னதான் எழுதட்டும்? போகக் கூடாதுன்னா, போகணும்னா?"

தொலைபேசிக்குள் சூலியா தெருவின் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டான். எது வேண்டும் என்று சொல்ல முடிந்தால் அவள் சொல்லியிருப்பாள். சொன்னது நிற்க வேண்டும், யாருக்கும் சொல்ல முடியாமல் சொன்னது போக வேண்டும், எது எதுவென்று அதற்குத் தெரிய வேண்டும். இதை எந்த டீலரிடம் கேட்பது? மெதுவாகத் தொலைபேசியை வைத்தாள்.

அதன் பிறகு ஐயாத்துரையின் அந்தியேட்டி வரை, வேலை எதுவும் இல்லாத போதும் அவள் கணினியின் முன்னால் உட்கார்ந்து எதையாவது அடித்துச் சேமித்துக்கொண்டிருந்தாள். தேவாரம், பசார் சாமான், பழைய கப்பல்களின் பெயர்கள். எங்கேயாவது ஒன்று அந்த ஓரத்தில் போய் விழட்டும் என்று. விழுந்ததா என்று கணினி சொல்லவில்லை.

அந்தியேட்டி அன்று வீடு நிறைந்த சனம். கல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்துல் ரசாக் கடைசிப் பக்கத்தைப் பக்கத்திலிருந்தவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். "அப்படியே எங்க ஐயாத்துரை அண்ணே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரம்பு நாற்காலியை யாரோ சபைக்குத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அதில்தான் ரசாக் உட்கார்ந்திருந்தார். நல்லம்மா தூணோரம் நின்று, தலையைச் சற்றே சாய்த்து, யாரோ ஒரு நல்ல மனிதரைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு பாயசக் கிண்ணத்தோடு யோகலட்சுமியின் அருகில் வந்தார். கிண்ணத்தைக் கொடுக்கும்போது, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"மற்றது போயிட்டுதோ பிள்ளை?"

யோகலட்சுமி அவர் முகத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.